குலோத்தமன் ஏன் போனை எடுக்கவில்லை

பதினாறு நாளாக சுஜாவுக்கு விடை கிடைக்காத கேள்வி இதுதான்: குலோத்தமன் ஏன் போனை எடுக்கவில்லை?

பார்த்தால் சின்னக் கேள்வி. ஒருவனுக்குப் போன் வருகிறது, அவன் எடுக்கவில்லை. ஊரில் நிமிடத்துக்கு ஆயிரம் பேர் செய்கிற காரியம். ஆனால் குலோத்தமன் இந்த ஒரு போனை எடுக்காததால்தான் அவனுடைய தம்பி சாக வேண்டும். தம்பி செத்தால்தான் அது சோகக் கதை. எடுத்துவிட்டால் தம்பி பிழைத்துக்கொள்வான்; சுஜாவின் பெயர்தான் போய்விடும்.

'குலோத்தமன் ஆணை' பழைய மேடை நாடகம். நாகர்கோவிலிலிருந்து நெய்யாற்றின்கரை வரை கொட்டகை போட்ட இடத்திலெல்லாம் நடந்தது. நான்கு மணி நேரம் ஓடும். கதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியது. குலோத்தம ராஜாவிடம் அமைச்சன் வந்து, 'உன் தம்பி கோட்டைச் சாவியை எதிரிக்கு விற்றுவிட்டான்' என்கிறான். ராஜா நம்பிவிடுகிறான். 'சூரியன் மறையும் நேரத்தில் தம்பியின் தலையை வெட்டு' என்று சேனாபதிக்கு ஆணை போட்டுவிட்டு, நந்தவனத்தில் போய்த் தனியாகப் புலம்பிக்கொண்டு கிடக்கிறான். ஆற்றுக்கு அக்கரையில் சிறை. அங்கே சேனாபதிக்கு உண்மை தெரிந்துவிடுகிறது: சாவி அமைச்சனின் மடியிலேயே இருக்கிறது. ஆனால் ராஜா போட்ட ஆணையை ராஜாதான் மாற்ற வேண்டும். 'நிறுத்தட்டுமா?' என்று கேட்டு ஓர் ஆளை ஓடவிடுகிறான். ஆற்றில் வெள்ளம். ஆள் கரையிலேயே நிற்கிறான். சூரியன் மறைகிறது, தலை விழுகிறது, பிறகு ராஜா இருபத்திரண்டு நிமிடம் அழுகிறான்.

இதைத்தான் சாலைக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திர மொத்த வியாபாரம் செய்யும் மகேஷ்குமார் தொலைக்காட்சிப் படமாக எடுக்க ஆசைப்பட்டார். பாத்திர வியாபாரம் நன்றாக நடப்பவர்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் கலை மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது. ஒரு மலையாளச் சானலில் எல்லைப்பகுதித் தமிழர்களுக்காக ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் தமிழ் உண்டு. விளம்பரம் போக நாற்பத்து நான்கு நிமிடம். அதற்குப் பொறுப்பாளர், மலையாளம் கலந்த தமிழ் பேசும் ஷீஜா. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ராஜா உடை வேண்டாம், இந்தக் காலத்து உடை போதும். வாடகைக் கிரீடம் போட்டவர்களைக் கண்டால் ஆட்கள் சானலை மாற்றிவிடுகிறார்களாம்.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில் மகேஷ்குமாரின் அலுவலகம். அங்கேதான் சுஜா ஆறு வருடமாக வசனம் எழுதுகிறாள். பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஆறு வருடத்தில் அவள் எழுதியதெல்லாம் வேறு யாருடைய பெயரிலாவதுதான் திரையில் வந்திருக்கிறது. இந்தத் தடவை 'திரைக்கதை: சுஜா' என்று போடுவதாக மகேஷ்குமார் வாக்குக் கொடுத்திருந்தார்.

இந்தக் காலத்துக்கு மாற்றுவது சுஜாவுக்குப் பிடித்த வேலை. ஒரு பழைய பொருளைக் கழற்றிப் பார்த்து, எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு, அதே வேலையைச் செய்யும் புதிய உறுப்பைப் பொருத்துவது. சிம்மாசனத்துக்குச் சுழல் நாற்காலி. கிரீடத்துக்குக் கூலிங்கிளாஸ், வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டான். நாடு என்றால் மலையோரத்தில் ஒரு கல்குவாரி. கோட்டைச் சாவி என்றால் டெண்டரில் போடப்போகும் தொகை. அதைத்தான் தம்பி எதிராளிக்குச் சொல்லிவிட்டான் என்பது குற்றம். பொய் சொல்லும் அமைச்சனை ஆடிட்டர் ஆக்கினாள். சேனாபதி இப்போது குவாரி மேனேஜர். ஆணையை மீறி மேனேஜர் தானாகவே தம்பியை விட்டுவிடலாமே என்று டைரக்டர் அஜீஷ் கேட்டான்.

"மொதலாளிகிட்ட கேக்காம ஒரு ஏசியக்கூட ஓஃப் ஆக்கமாட்டான் நம்ம மேனேஜர்," என்றாள் சுஜா. "கொலைய எங்க நிறுத்துவான்?"

அலுவலகத்தில் இருந்த எல்லோரும் ஒரு தடவை தங்கள் அலுவலக மேனேஜரைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

ஆக எல்லா உறுப்பும் பொருந்திவிட்டது, ஆற்று வெள்ளத்தைத் தவிர. மேனேஜருக்கு உண்மை தெரிவது மாலை ஐந்தே காலுக்கு. காரியம் முடிய வேண்டியது ஆறு மணிக்கு. இடையில் நாற்பத்தைந்து நிமிடம். மேனேஜரிடம் போன் இருக்கிறது, முதலாளியிடமும் போன் இருக்கிறது.

"நான் முப்பது வருசம் இந்த ராஜாவா நின்னிருக்கேன் மக்களே," என்றார் தாசையன். அறுபத்தொரு வயது மேடை நடிகர், இந்தப் படத்தில் கல்குவாரி முதலாளி குலோத்தமன். "ஒரு பய கேட்டதில்ல, ராஜா, ஏம்வே ஆத்துக்கு ஒரு பாலம் கட்டலன்னு. இப்ப என்னடான்னா ஆளாளுக்குக் கேள்வி."

மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர் அவர். முதல் ஒத்திகையில் மைக்குக்காரன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். அப்போதும் தெளிவாகக் கேட்டது என்று பிறகு சொன்னான். இருபத்திரண்டு நிமிட அழுகையை நான்கு நிமிடமாகக் குறைக்க அவர் சம்மதித்ததே பெரிய காரியம்.

சுஜா முதலில் கொண்டுபோனது பாட்டரி. ஷீஜா சானல் அலுவலகத்தில் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு டிப்பர், ரெண்டு ஜேசிபி வச்சிருக்க ஆளு. ஒரு சார்ஜர் இல்லையா?"

அடுத்தது ரேஞ்ச். குவாரி இருக்கும் மலையில் சிக்னல் கிடையாது என்று எழுதினாள். ஐந்து நிமிடம் ஜீப்பில் இறங்கினால் கிடைக்குமே என்றார் ஷீஜா. போன் தண்ணீரில் விழுந்தது என்றாள். சரியாக ஐந்தே காலுக்கா என்றார். திருட்டுப் போய்விட்டது என்றாள். திருடன் ஏன் இதுவரை கதையில் இல்லை என்றார். சைலன்டில் கிடந்தது என்றதற்கு, போன் திரையில் வெளிச்சம் வந்தால் கண் தெரியாதா, அதனால்தான் வீட்டுக்குள் கூலிங்கிளாஸா என்று கேட்டார். அஜீஷ் சிரித்துவிட்டான்; சுஜா அன்றைக்கு அவனோடு பேசவில்லை.

ஓரளவு தேறியது இது: குலோத்தமன் தானே போனை அணைத்துவிடுகிறான். செய்தியைக் கேட்கும் தெம்பு அவனுக்கு இல்லை. ஷீஜா இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இது அவன் ஒளிஞ்சுக்கிறது. ஆட்கள் அவன ஏசுவாங்க, அழமாட்டாங்க. கடைசில தாசையன் சார் அழுகிறப்ப, வேணும்டா உனக்குன்னு சொல்லிட்டு எணீச்சுப் போய் மாவு அரைப்பாங்க."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது சுஜா நோட்டில் எழுதிப் பார்த்தாள். வெள்ளம் ஆளைத் தடுப்பதோடு நிற்கவில்லை. அது மட்டும்தான் என்றால் பாட்டரியே போதும். யாரையும் குற்றம் சொல்லவிடாமலும் அது செய்தது: ராஜா பேரிலும் தப்பில்லை, ஓடி வந்தவன் பேரிலும் தப்பில்லை. அதோடு, ஆள் அக்கரையில் நிற்பது பார்ப்பவர்களுக்குத் தெரிகிறது, ராஜாவுக்குத் தெரியவில்லை. அந்தத் தவிப்பில்தான் கொட்டகை ஓடியது. அணைந்த போனில் தவிப்பு கிடையாது. போன் உயிரோடு இருக்க வேண்டும், அடிக்க வேண்டும், நமக்குக் கேட்க வேண்டும், அவனுக்குக் கேட்கக் கூடாது. அவனைப் பார்த்து யாரும் முட்டாள் என்றும் சொல்லக் கூடாது. இப்படி ஒரு போனை எங்கே வைப்பது?

பாறசாலை வந்தது. போனுக்கு இடம் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் மகேஷ்குமாரின் மைத்துனன் பிரவின்ராஜ் ஒரு முடிவு எழுதிக்கொண்டு வந்தான். பாத்திரக் கடையில் குக்கர் பகுதியைப் பார்த்துக்கொள்பவன். அவனுடைய முடிவில் போன் அடிக்கிறது. குலோத்தமன் எடுக்கிறான். 'நிறுத்து' என்கிறான். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடிக்கிறார்கள். ஆடிட்டர் மனம் திருந்துகிறார். எல்லோரும் ஒரே வேனில் குற்றாலம் போகிறார்கள்.

"போன் வந்தா எடுப்பாங்க," என்றான் பிரவின்ராஜ். "அதுதான எதார்த்தம்."

"அப்ப நான் எங்க அழ?" என்றார் தாசையன்.

"குளிக்கும்போது அழுங்க மாமா. அருவில தெரியாது."

சுஜாவால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. குற்றாலத்தை விட்டுவிட்டால் அவன் எழுதியதில் ஓட்டை எதுவும் இல்லை. ஷீஜாவும் அதைத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் முடிவாக வேண்டும். சுஜாவின் ஓட்டை அடைபட்டால் சுஜாவுடையது. இல்லையென்றால் குற்றாலம். 'திரைக்கதை: பிரவின்ராஜ்'. வசனத்தைச் சரிபார்த்தது யார் என்று வழக்கம்போல எங்கும் வராது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஓட்டை அப்படியே இருந்தது.

பத்தே முக்காலுக்கு ஷீஜா அழைத்தார்.

"சுஜா, கேளு. அழுகைக் கதைதான் எனக்கும் இஷ்டம். திங்கக்கிழமை வரை நேரம் வாங்கித் தர நோக்கலாம். பக்ஷே தயாரிப்பாளர் சொல்லணும். நீ சொன்னா போதாது, அஜீஷ் சொன்னா போதாது. மகேஷ்குமார் சார் என்கிட்ட ஒரு வார்த்தை, பன்னிரண்டுக்கு முன்னாடி. அது வந்தில்லன்னா நான் குற்றாலத்துக்குப் போயிருவேன்."

ஒரே ஒரு வார்த்தைதானே. சுஜா நிம்மதியாக மகேஷ்குமாரை அழைத்தாள். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அஜீஷும் அவன் போனிலிருந்து அழைத்தான். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது.

"வியாபாரத்துல இருக்கும் சேச்சி. தவலை எண்ணிட்டு இருப்பாரு," என்றான் அஜீஷ்.

பதினொன்று ஐந்துக்கு ஷீஜாவே அழைத்தார். "நானும் விளிச்சு நோக்கினேன். எடுக்குன்னில்ல. இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"

பிரவின்ராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். "அத்தான் எங்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்," என்றான், யாரும் கேட்கும் முன்பே.

சுஜா கடையின் லேண்ட்லைனுக்கு அடித்தாள். பில் போடும் இசக்கிசெல்வி எடுத்தாள்.

"மொதலாளி கோயிலுக்குப் போயிருக்காவ அக்கா. பத்து மணிக்கே போயாச்சு. இன்னைக்குக் கூட்டம் சாஸ்தியாம்."

"எந்தக் கோயில்?"

"நம்ம கிழக்கேகோட்டைதான். வேற எங்க."

சுஜா படி இறங்கி ஆட்டோ பிடித்தாள். தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டை அதிக தூரமில்லை. பழவங்காடி சந்திப்பில் நிற்கிற நேரம்தான் தூரம். இறங்கும்போது பதினொன்று இருபத்தைந்து. கோயில் வாசலுக்குப் போகும் வழியில், பொருள்களை வாங்கிவைக்கும் கவுண்டரில் கூட்டம். அங்கே நடக்கும் வேலை ஒழுங்கானது. ஆண்கள் பேன்ட் சட்டையைக் கழற்றி, வேட்டியோடு நிற்கிறார்கள். பையையும் போனையும் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பவர் அதை மர அலமாரியில் ஓர் அறைக்குள் தள்ளிவிட்டு, அந்த அறையின் எண் போட்ட டோக்கனைத் தருகிறார். டோக்கன் உள்ளே போகிறது, போன் வெளியே இருக்கிறது. இரண்டும் மறுபடி சந்தித்தால்தான் காரியம் நடக்கும்.

சுஜா கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று மகேஷ்குமாரை இன்னொரு தடவை அழைத்தாள். அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், சட்டி பானை தவலை எல்லாம் சாலையிலே வாங்குவோமே என்று பாடியது. அவருடைய கடை விளம்பரம். அதையே மணியாக வைத்திருந்தார்.

"சேட்டா, அந்தப் போன் எங்க மொதலாளியோடது."

"டோக்கன்?" என்றார் கவுண்டர்காரர்.

"டோக்கன் உள்ள நிக்கிற ஆள்ட்ட இருக்கு."

"அப்போ போனும் அந்த ஆளுக்குத்தான்."

"தர வேண்டாம். எடுத்து, ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லிட்டு வச்சிருங்க. சானல்லருந்து விளிப்பாங்க."

"எடுக்கான் பாடில்ல, எடுக்கக் கூடாது." அவர் ஒரு பையை வாங்கி உள்ளே தள்ளினார். "இவிட முந்நூறு போன் உண்டு. ஓரோண்ணா எடுத்தா முந்நூறு வீட்டு வழக்கையும் நான் தீக்கணும். அந்தப் பாட்டு காலையிலருந்து பாடுது. எனக்கு வரிகூட மனப்பாடம். சட்டி பானை வாங்கணும்னே தோணிப் போச்சு."

உள்ளே போய் நேரில் சொல்லிவிட்டால் என்ன என்று சுஜா பார்த்தாள். அவள் சுடிதாரில் வந்திருந்தாள். அதற்கு மேல் ஒரு முண்டு, அதாவது வேட்டி, சுற்றினால்தான் விடுவார்கள். அதை வாடகைக்கு வாங்கிச் சுற்றிவிடலாம். ஆனால் போகும்போது அவளுடைய போனையும் இங்கேயே கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு போனும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்து அறையில் கிடந்து அடிக்கும். ஷீஜாவுக்கு யாருமே கிடைக்கமாட்டார்கள். போதாததற்கு, நடை சாத்தியிருந்தது. காலையில் நடை பல தடவை திறக்கும், பல தடவை சாத்தும். ஒரு திறப்பைத் தவறவிட்டால் அடுத்த திறப்பு வரை வரிசையில் நிற்க வேண்டும். மகேஷ்குமார் ஒன்றைத் தவறவிட்டு அடுத்ததற்கு நிற்கிறார் என்று ஊகிக்க முடிந்தது. அவர் வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதை ஊகிக்க முடியவில்லை.

ஷீஜாவை அழைத்துச் சொல்லியும் பயனில்லை; 'நீ சொன்னா போதாது' என்றிருந்தார். அவள் வெளியிலேயே நின்றாள். பதினொன்று ஐம்பதுக்குப் பாட்டு பாடியது, ஷீஜாவாகத்தான் இருக்கும். ஐம்பத்து மூன்றுக்கு மறுபடி பாடியது. ஐம்பத்தெட்டுக்குப் பாடியபோது வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் கூடவே பாடினாள். பிறகு பாட்டு நின்றுவிட்டது. மணி பன்னிரண்டு.

ஆறு வருடம் என்று சுஜா நினைத்தாள். ஒரு வார்த்தை. பத்து அடி தூரத்தில் ஒரு மர அலமாரி.

பன்னிரண்டு பத்துக்கு மகேஷ்குமார் வந்தார். வெற்று மார்பில் சந்தனம், தோளில் துண்டு, கையில் வாழையிலைத் துண்டில் பிரசாதம். முகத்தில் நல்ல தெளிவு.

"என்ன சுஜாம்மா, நீயும் கும்பிட வந்தியா?"

"அண்ணாச்சி, மணி பன்னண்டு தாண்டியாச்சு."

"தெரியும், நடை சாத்திட்டான். தொறக்க வரைக்கும் நின்னேன்ல. அருமையான தரிசனம்." அவர் டோக்கனை நீட்டினார். "ஒனக்காகத்தாம்மா நின்னேன். அந்தப் போன் சிக்கல் இன்னைக்கு எப்படியாவது தீந்துரணும்னு வேண்டிக்கிட்டேன். ரெண்டு மணி நேரம், வேற ஒண்ணுமே கேக்கல. கடைக்குக்கூட கேக்கல."

கவுண்டர்காரர் போனையும் சட்டையையும் எடுத்துக் கொடுத்தார். மகேஷ்குமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இருவத்தாறு மிஸ்டு காலா? யாரும் செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி. அதுதான் பிரச்சினையே."

அதற்குள் சட்டி பானை தவலை மறுபடி பாட ஆரம்பித்தது. ஷீஜா. மகேஷ்குமார் எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார். போனைக் காதில் வைத்தால் மூளை சூடாகும் என்பது அவர் கட்சி.

"சார், எத்தன தடவை விளிச்சேன். ஏன் எடுக்கல?"

"கோயில்ல இருந்தேன் மேடம்."

"ஓ, கோயிலா. சரி சரி." ஷீஜாவின் குரல் உடனே தணிந்தது. "நல்லா தொழுதீங்களா? பின்னே, மணி பன்னண்டு கழிஞ்சு போச்சு, எனக்கு வேற வழியில்ல. டெக்னிக்கல்காரங்க ஊணுக்குப் போயிருக்காங்க. ஒரு மணிக்கு வந்ததும் குற்றாலத்த அனுப்பிருவேன். சொல்லிட்டுச் செய்யலாம்னுதான்..."

சுஜா போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"மேடம், நான் சுஜா. ஒரு சந்தேகம். அண்ணாச்சி இத்தன தடவை உங்க போனை எடுக்கல. ஏன்னு கேட்டீங்க, கோயில்னு சொன்னார். அடுத்த கேள்வி ஏன் கேக்கல?"

"என்ன அடுத்த கேள்வி?"

"சார்ஜர் இல்லையா, ரேஞ்ச் இல்லையா, சைலன்ட்ல கிடந்துச்சா. பதினாறு நாளா என்கிட்ட கேட்டீங்கள்ல."

"நீ என்ன லூசு மாதிரி பேசுற. கோயிலுக்குள்ள ஆரு கையில போன் இருக்கும்? அது கவுண்டர்ல அல்லே..."

சானல் அலுவலகத்தில் மின்விசிறி சுற்றுவது ஸ்பீக்கரில் கேட்டது.

"சுஜா," என்றார் ஷீஜா கடைசியில். "நம்ம ரெண்டு பேரும் பதினாறு நாள் என்ன செய்துட்டு இருந்தோம்?"

"நான் தினமும் இந்தக் கிழக்கேகோட்டையிலதான் பஸ் மாறுறேன் மேடம்."

"எனக்கு வீடே அந்தக் கோயிலுக்குப் பக்கத்துல, மணக்காடு. இரு, இரு. மேனேஜர் நேர்ல ஓடி வந்தா?"

"நான் வந்தேன். டோக்கன் கேட்டாங்க."

"எடுத்துப் பேசச் சொன்னா?"

"சொன்னேன். எடுக்கான் பாடில்லன்னுட்டாங்க."

"உள்ள ஓடிப் போயி ஆளப் பிடிச்சா?"

"வேட்டி கெட்டணும், சட்டை கழத்தணும், அவன் போனையும் இங்க குடுக்கணும், அதுக்குள்ள நடை சாத்திருவாங்க. முக்கால் மணி நேரமா இங்கதான் நிக்கேன் மேடம். ஒரு ஓட்டை கிடையாது. எல்லாம் நானே முட்டிப் பாத்தாச்சு."

"ஷூட் பண்ண அனுமதி தரமாட்டாங்க."

"உள்ள போகவே வேண்டாம். கவுண்டர், மர அலமாரி, இவ்வளவுதான் செட்டு. அவன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சா போதும். நாம அலமாரியத்தான் பாத்துட்டு இருக்கோம்."

ஷீஜா யோசித்தார். அவர் யோசிக்கும்போது பேனாவால் மேசையைத் தட்டுவார். அந்தத் தட்டல் கேட்டது. "அவன ஆரும் ஏசமாட்டாங்களே?"

"நீங்க அண்ணாச்சிய ஏசினீங்களா? நல்லா தொழுதீங்களான்னு கேட்டீங்க."

தட்டல் நின்றது.

"அவன் உள்ள என்ன கேட்டு நிக்கிறான்?"

சுஜா மகேஷ்குமாரைப் பார்த்தாள். அவர் பிரசாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு சட்டைக்குள் மற்றக் கையை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

"தம்பி குற்றவாளியா இருக்கக் கூடாதுன்னு. ஆணைய நிறுத்த எதாவது ஒரு வழி காட்டுன்னு. வெளிய அந்த வழிதான் மேடம் அடிச்சிட்டுக் கிடக்கு."

கவுண்டர்காரர் ஒரு பையைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர் டோக்கன் கேட்டும் கொடுக்கவில்லை.

"அப்ப நான்தான் அந்த ராஜாவாம்மா?" என்றார் மகேஷ்குமார்.

"ஆமா அண்ணாச்சி. தம்பிக்குப் பதிலா நீங்க என்னையக் கொல்லப் பாத்தீங்க."

"பிரவினுக்கு என்ன சொல்ல? வேனெல்லாம் பேசி வச்சிருக்கான்."

"குற்றாலத்துக்குப் போகட்டும். சீசன்தான. நீங்க மேடம்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும், அது போதும்."

மகேஷ்குமார் போனின் பக்கம் குனிந்தார். "மேடம், மகேஷ்குமார். நான் ஒரு வார்த்தை சொல்லணும்னீங்களாமே. சுஜாவோடத எடுத்துக்கிடுங்க."

"ஒரு மணிக்கு முன்னாடி காட்சி என் கையில இருக்கணும். முழுசா வேண்டாம். ஓட்டைய அடைக்கிற அளவுக்குப் போதும். சுஜா, உன் பேர் ஸ்கிரிப்ட்ல எப்படிப் போடணும்னும் எழுதிரு. இனிஷியலோடயா?"

"இனிஷியலோட," என்றாள் சுஜா.

தாசையனுக்கு அழுகையை ஐந்து நிமிடமாக்கித் தருவதாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அவள் கவுண்டரின் ஓரத்தில் சாய்ந்து நின்று போனில் தட்டினாள். ஆட்கள் டோக்கன் வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அனுப்பிய காட்சி இவ்வளவுதான்:

மாலை ஐந்து மணிக்குக் குலோத்தமன் கோயிலுக்கு வருகிறான். கூலிங்கிளாஸையும் சட்டையையும் கழற்றுகிறான். போனைக் கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறான். ஐந்தே காலுக்கு மேனேஜர் அழைக்கிறான். கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, டோக்கன் இல்லாமல் கவுண்டரில் போனைத் தரமாட்டார்கள், அடித்தாலும் எடுக்கமாட்டார்கள். ஆறு மணி வரை போன் அலமாரியில் அடிக்கிறது. அதனால்தான் குலோத்தமன் எடுக்கவில்லை.